கண்டம் வாங்கும் மீன்

எங்கள் கம்பெனியில் முதலாளி அறை வாசலில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. அதில் ஒரே ஒரு வாஸ்து மீன். வெள்ளி நிறத்தில் நீளமாக, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே போய் வந்துகொண்டிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை அது செத்து மிதந்தது. அதே காலையில் முதலாளியின் கார் பல்லடம் ரோட்டில் கவிழ்ந்தது. கார் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அவர் முழங்கையில் ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தார். மீனைப் புதுத் துண்டில் சுற்றி, வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். முதலாளியே முதல் பிடி மண் போட்டார். அவருக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று எல்லா செக்‌ஷனிலும் பேசினார்கள். நானும் நம்பினேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த நம்பிக்கையில் செய்ததுதான்.

எனக்குத் துணி செக்கிங் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப் லைட் எரியும். மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்டுப்போன கோடு என்று எது கண்ணில் பட்டாலும் மிஷினை நிறுத்தி அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. வெளிச்சத்தையும் துணியையும் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாம் என்பதால்தான் அந்த வேலையில் இத்தனை வருடம் நிலைத்தேன்.

மீன் வளர்க்கும் பழக்கமும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மண்ணரைப் பகுதியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள லைன் வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். முதலில் கப்பி, மோலி என்று சின்ன மீன்கள். பிறகு கட்டைவிரல் அளவில் ஒரு ஃபிளவர் ஹார்ன் வாங்கினேன். கடைக்காரர் அதையும் வாஸ்து மீன் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அது என் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டது. சிவப்பு உடம்பு, விலாவில் எழுத்து எழுதினதுபோலக் கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் ஒரு பெரிய மேடு. அந்த மேடு எவ்வளவு புடைத்திருக்கிறதோ அவ்வளவு ஆரோக்கியம் என்பார்கள். நான் கதவைத் திறந்தால் கண்ணாடிக்கு ஓடி வரும். விரலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கூடவே வரும். கையைத் தண்ணீரில் விட்டால் அந்த மேட்டை என் கையில் தேய்க்கும்.

அதற்குத் தண்ணீர் பிடித்துவைப்பதே ஒரு வேலை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் குளோரின் மருந்து வாசம் அடிக்கும், மீனுக்கு ஆகாது. அதை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் திறந்தே வைத்திருந்து, வாசம் போன பிறகுதான் தொட்டியில் விடுவேன்.

அயர்ன் டேபிளில் நிற்கும் தெற்கத்திக்காரர் ஒருவர் தினமும் என்னைச் சீண்டுவார். "என்னண்ணே, ஒம்ம மீனு இன்னைக்கு என்ன சொல்லிச்சு? வீட்டுல அக்கா பேசுததுக்குப் பதிலு சொல்லுதீரோ இல்லையோ, மீனுக்குச் சொல்லிருவீரு." நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

என் மனைவிக்கு மீனைக் கண்டாலே ஆகாது. "கண்ணத் தொறந்துட்டே தூங்குது. அது பாக்கற பார்வையே செரியில்லீங்க" என்பாள். கம்பெனியிலிருந்து வரும் பனியன்களுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுவது அவள் வேலை. தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். தொட்டி இருக்கும் பக்கம் கூட்டுவதற்குக்கூடப் போகமாட்டாள். அந்த மூலையை நான்தான் கூட்டுவேன்.

அவள் கழுத்தில் இருந்ததை முதலில் பார்த்தது நான். சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்போது தொண்டைக்குழிக்கு மேலே ஒரு உருண்டை ஏறி இறங்கியது. துணியில் பழுதைத் தேடியே பழகிய கண். அடுத்த வாய் குடிக்கும்போதும் பார்த்தேன். மறுபடியும் ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். "பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா பார்க்காம விடக் கூடாது. பன்னெண்டு நாள் கழிச்சு வந்து ரிசல்ட் வாங்கிக்கங்க" என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மீன் வழக்கம்போலக் கண்ணாடிக்கு ஓடி வந்தது. அதன் நெற்றி மேட்டைப் பார்த்தேன். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தேன். அவள் கண்டத்தை இது வாங்கிக்கொண்டால் என்ன என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

கையால் கொன்றால் பாவம், பலனும் இருக்காது என்று தோன்றியது. முதலாளி ஒன்றும் அவர் மீனைக் கொல்லவில்லையே. அது தானாகச் சாக வேண்டும். நான் செய்கிறதைச் செய்யாமல் விட்டால் போதும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன், தொட்டிக்குக் காற்று விடும் ஏர் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். தீனி போடவில்லை. மீன் என் விரலைத் தேடி வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பிடுங்கினதாக நினைத்துக்கொண்டு மறந்துபோய்விட்டேன் என்று முதல் நாள் எண்ணிக்கொண்டேன். இரண்டாம் நாள் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தேன். வைத்த இடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனேன். சாயங்காலம் மோட்டார் ஓடியது. தண்ணீரில் வரிசையாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

"மோட்டாரப் போட்டயா புள்ள?"

அவள் பனியனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நா எதுக்குங்க அதுகிட்டப் போறேன்."

அவள் போயிருக்கமாட்டாள் என்று நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. மருந்து வாசம் மூக்கை அடைத்தது. அதை டிரம்மில் வைக்காமல் நேராகத் தொட்டியில் ஒரு குடம் ஊற்றினேன். மீன் தலையைக் கீழே கொடுத்து மூலையில் போய் நின்றது. அதன் செவுள் படபடவென்று அடித்தது. நான் வேலைக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு ஓட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் துணியைத் திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மீன் உயிரோடு இருந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது, வாசமே இல்லை. அடியில் பரப்பியிருந்த கூழாங்கற்கள் நான் பரப்பிய மாதிரி இல்லை. தீனி டப்பாவை எடுத்துப் பார்த்தேன். நான் வைத்த அளவு அப்படியே இருந்தது. ஆனால் மீனின் வயிறு ஒட்டவில்லை. நெற்றி மேடு முன்பைவிடப் புடைத்திருந்ததாகத் தெரிந்தது.

நான் கொடுப்பதை எல்லாம் நிறுத்திவிட்டேன். பிறகு இது எதைத் தின்கிறது?

இன்னொன்றையும் கவனித்தேன். மீன் இப்போது தொட்டியின் இடது மூலையிலேயே நின்றது. நாங்கள் தரையில் பாய் விரித்துப் படுப்போம். அந்த மூலைக்கு நேரே அவள் தலையணை இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் அதே மூலை, அதே பார்வை. "இன்னைக்கு நீ இந்தப் பக்கம் படு" என்று இடம் மாற்றச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்காமல் மாறிப் படுத்தாள். மறுநாள் காலை மீன் வலது மூலைக்கு வந்து, அவள் தலையணைக்கு நேரே நின்றது.

அவள் தண்ணீர் குடிக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தேன்.

எட்டாம் நாள் மீனின் நெற்றி மேட்டில் ஒரு கறுப்பு நூல் ஒட்டியிருந்தது. நகம் அளவுக்குச் சின்னப் பிசிறு. எங்கள் வீட்டில் எங்கே தொட்டாலும் பிசிறுதான். சோற்றில்கூட வரும். ஆனால் தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருந்தது. நூல் எப்படி உள்ளே போனது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மாதாந்திர மின்தடை. கம்பெனியில் ஜெனரேட்டரை நம்பித்தான் ஷிப்ட் நடந்தது. பதினோரு மணிக்கு அதுவும் புகைந்து நின்றுவிட்டது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அயர்ன்காரர் கேட்டில் நின்றுகொண்டு, "போம்ண்ணே, ஒம்ம மீனு தேடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் லைனில் அந்த நேரம் ஒரு சத்தமும் இல்லை. டிவி, மிக்ஸி, பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் எல்லாம் நின்றிருந்தன. கரண்ட் இல்லாததால் எங்கள் வீட்டிலும் மோட்டார் ஓடாது. இன்றைக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, இன்றைக்கு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வாசலை நெருங்கும்போது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. நான் கதவைத் தட்டாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அறை இருட்டாக இருந்தது. என் மனைவி தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எவர்சில்வர் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெல்லிசாக ஊற்றினாள். குமிழி பொங்கியது. மறுபடி மொண்டாள். சேலை முந்தானை முழுக்க நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாகச் செய்கிறாளோ தெரியவில்லை. பிறகு சொம்பை வைத்துவிட்டுக் குனிந்தாள். குனிந்து தன் கழுத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து மீன் வந்து, நெற்றி மேட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

"இன்னும் மூணே நாளுதான் சாமி. மூணு நாளைக்கி இருந்துரு. போயராத" என்றாள்.

முதுகுத்தண்டில் ஈரத்துணியை இழுத்த மாதிரி இருந்தது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் மறுபடி சொம்பை எடுத்தாள். பாதி தூக்கும்போதே கை இறங்கிவிட்டது. நான் உள்ளே போய் அவள் கையிலிருந்து சொம்பை வாங்கினேன்.

அவள் திடுக்கிடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒசரத்துல இருந்து ஊத்துங்க. அப்பத்தான் காத்து உள்ள போகும்" என்றாள்.

ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பிளக்கு சொருகுனது நீதானா?" என்று கேட்டேன்.

"பின்ன மீனா சொருகும்?"

"தண்ணி?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம் கீழ் லைன் அக்கா ஊட்டு டிரம்முல இருந்து தூக்கியாந்து மாத்துனேன். நாலு நடை. பச்சப் பட்டாணிய வேகவெச்சு, கடலப் பருப்பாட்ட நசுக்கிப் போட்டா திங்குதுங்க. உங்க டப்பால கைய வெச்சா கண்டுபுடிச்சுருவீங்க."

"நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்னு தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிப்போடுவீங்க. சொன்னா நெசமாட்ட ஆயிருமில்லீங்க." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "மொதலாளி மீனு சும்மா செத்துச்சுங்களா? காரு கவுந்த அன்னிக்குத்தானே செத்துச்சு. கண்டம் வாசப்படி தாண்டி உள்ள வந்தாத்தான் அது சாகும். இது சாகுலீனா இன்னும் வல்லீனு அர்த்தம். நீங்க என்னமோ அதுக்குக் கதவத் தொறந்து வுட்டுட்டு இருந்தீங்க."

ஒரே கதையை நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருந்தோம். அது செத்தால் இவள் பிழைப்பாள் என்று நான் ஒரு பக்கம் இழுத்தேன். அது இருக்கும்வரை தனக்கும் ஒன்றும் ஆகாது என்று அவள் ஒரு பக்கம் இழுத்தாள். நடுவில் மீன் ஒன்பது நாள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

நாலரை மணிக்குக் கரண்ட் வந்தது. அதுவரை மாற்றி மாற்றி ஊற்றினோம். அவள் உட்கார்ந்தால் நான், நான் கை உதறினால் அவள். மீன் அவள் ஊற்றும்போது மேலே வந்தது. நான் ஊற்றும்போது கீழே போனது. முதலில் அதைத் தற்செயல் என்று நினைத்தேன். ஆறேழு முறை பார்த்த பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ரிசல்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இளநீர் கேட்டாள். அவள் குடிப்பதை நான் திரும்பிக்கொள்ளாமல் பார்த்தேன். உருண்டை ஏறி இறங்கியது. ஆனாலும் பார்த்தேன்.

அவள் மறுபடி தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் பிசிறு வெட்டுகிறாள். மீன் பக்கம் போவதில்லை. நான் பழையபடி எல்லாவற்றையும் செய்கிறேன். தண்ணீரை இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் வைக்கிறேன். தினமும் பட்டாணி வேகவைக்கிறேன். ஆனால் மீன் என்னிடம் வருவதில்லை. விரலை வைத்தால் பின்னால் போகிறது. தொட்டி கழுவுவதற்காக நான் பிளக்கில் கை வைத்தாலே அதன் விலாப் புள்ளிகள் மையைப்போலக் கறுத்துவிடுகின்றன. போட்ட தீனியை, நான் அறையைவிட்டு வெளியே போன பிறகுதான் தொடுகிறது.

அதை நான் பொறுத்துக்கொள்வேன். செய்ததற்கு அவ்வளவாவது வேண்டும். என்னை உறுத்துவது வேறு.

போன வாரம் காலையில் எழுந்தபோது மீன் மூலையில் நின்றிருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அசையாமல், முன்பு நின்ற அதே மாதிரி. அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தாள். அது பார்த்துக்கொண்டிருந்தது என் தலையணையை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நிற்கிறது. இடம் மாறிப் படுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று அவள்தானே சொன்னாள். ஆனால் நேற்று வேலை முடிந்து வந்தபோது, சமையலறையில் இருக்க வேண்டிய எவர்சில்வர் சொம்பு தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இது எதுக்கு இங்க?" என்றேன்.

அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "இருக்கட்டுங்க" என்றாள். "கரண்டு எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்."