தைக் கிருத்திகையன்று குன்றத்தூர் வழியாக

அன்று என் வாடகைக் காரில் நாங்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் வல்லம் வடகால்காரப் பெண். கொரிய மொழி படித்து, தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள். பின்னால் அந்தத் தொழிற்சாலையின் கொரிய இன்ஜினியரும் அவர் மனைவியும்.

அந்தச் சீசன் முழுக்கச் சென்னையின் பெரிய அரங்கத்துக்கு வெளிநாட்டு இசைக்குழுக்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எண்பது, தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிப்பார்கள். இன்ஜினியர் எல்லாவற்றுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தார். கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். இப்படிப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனால், எங்கே தப்பு பண்ணிவிடுவேனோ என்றே ஓட்டுவேன். முதல் இரண்டு தடவையும் ரொம்ப முன்னதாகவே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"இன்னாணே, நாமதான் கேட்டத் தொறந்து வுடணுமா? வாட்ச்மேனே இன்னும் வரல," என்றாள் அந்தப் பெண். அதையே கொரிய மொழியிலும் சொன்னாள். பின்னால் இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது குழு கொரியாவிலிருந்தே வந்தது. இன்ஜினியர் மனைவியின் தங்கை அதோடு வந்து, தனியாக முன்னால் நின்று வயலின் வாசிக்கப் போகிறாள். முதல் பாதியில் அவளுக்கு ஒரே ஒரு உருப்படி. தங்கை பெரிய மேடையில் வாசித்து அக்கா ஒரு தடவைகூட நேரில் கேட்டதில்லையாம்.

அன்று பார்த்துத் தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுபோய், இன்ஜினியர் வெளியே வர நேரமாகிவிட்டது. ஹைவேயில் நேரே போனால் சரியாகப் போய்ச் சேரலாம். ஆனால் பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தேன்.

"அண்ணே, மேப்பு நேரா போவச் சொல்லுது."

"மேப்புக்கு இன்னாம்மா தெரியும்? குன்றத்தூர் வழியா பூந்துடலாம்," என்று வண்டியைத் திருப்பினேன்.

குன்றத்தூர் முருகன் கோயில் மலையடிவாரத்தில் ஒரே காவடி. தைக் கிருத்திகை. எனக்குத் தெரியாமலா? காலையில் தட்டில் முட்டை இல்லையே என்று கேட்டதற்கு, "கிருத்திக அன்னிக்குக்கூட முட்ட வோணுமா ஒனக்கு? சாயங்காலம் நான் மலைக்குப் போறன்," என்று மனைவி சொன்னாளே. சரி என்று தலையாட்டிவிட்டு வெறும் ரசம்சோறு சாப்பிட்டவன்தானே நான்.

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. மேளச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. போலீஸ்காரர் பானெட்டைத் தட்டினார். "கிருத்திகையும் அதுவுமா இந்தப் பக்கம் கார எடுத்துகினு வந்துகிறியே, ஊருக்குப் புச்சா?"

நான் குடியிருப்பதே குன்றத்தூரில்தான். அவர் சொன்னதை அந்தப் பெண் பின்னால் மொழிபெயர்க்கவில்லை.

ஒருவழியாகக் கூட்டத்தைத் தாண்டி அரங்க வாசலில் நிறுத்தியதும் மூவரும் இறங்கி ஓடினார்கள். தங்கைக்கு வாங்கிய பூங்கொத்து சீட்டிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே கதவு சாத்தியிருந்தது. தங்கை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள், முடிகிறவரை யாரையும் விடமாட்டார்கள். அந்த அம்மா கதவில் காதை வைத்து நின்றார். இழையாக ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பிறகு மழை கொட்டுவதுபோலக் கைதட்டல். கதவு திறந்தது, இடைவேளை.

அவர் என் கையிலிருந்து பூவை வாங்கிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து ஏதோ சொன்னார்.

"இன்னாம்மா சொல்றாங்க?"

"பூவ மறக்காம எடுத்தாந்தீங்களாம். தேங்க்ஸ் சொல்றாங்கணே."

திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

நாலாவது கச்சேரிக்கும் என்னையேதான் கூப்பிட்டார்கள். ஹைவேயிலேயே போய், எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வாட்ச்மேனைப் பற்றி யாரும் ஜோக் அடிக்கவில்லை.

போன வாரம் அந்தப் பெண் போன் பண்ணினாள். "அண்ணே, மூணாவது டிரிப்பு பில்லு மட்டும் வரலயாம். மேடமே ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க, ஏன் இன்னும் காசு வாங்கலன்னு."

"போடறம்மா," என்றேன்.

பில் புத்தகத்தை இரண்டு தடவை எடுத்து உட்கார்ந்தேன். 'சென்று வந்த வழி' என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. எனக்கு அவர்கள் தரவேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது, மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.