பதினோரு மணித் துண்டு

என் மகனுக்கு ஆட்டிசம் என்பதை நான் ஊருக்குச் சொன்னது, வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தி. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் இல்லை நான். சொல்லவே கூடாது என்று ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள்.

உழவர்கரையில் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க நானும் மகனும்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை. யாராவது கேட்டால், "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசனாராம்" என்பேன். மாமியார் சொன்னது அது. உண்மையோ பொய்யோ, எனக்கு நன்றாக உதவியது.

அவனால் தாங்கவே முடியாத ஒன்று குக்கர் விசில். என் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் பழகிக்கொண்டேன். மாடி வீட்டுக் குக்கரை எந்தப் பரணில் போடுவது? பதினோரு மணி வாக்கில் அது கத்தும். இவன் சுவரில் தலையை மோதிக்கொள்வான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று விசில். அது ஓய்ந்த பிறகும் இவன் அடங்க அரை மணி நேரம் ஆகும். பத்தரைக்கே ஜன்னலையெல்லாம் சாத்த ஆரம்பித்துவிடுவேன்.

மாடியில் ஒரு பெரியவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடுவதற்கு முன்பே காது மூடிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் மகனின் மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது. கோபத்தில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி மேலே பார்த்துக் கூப்பிட்டேன். அவர் கைப்பிடிச் சுவரில் குனிந்தார்.

"ஐயா, புள்ளைக்கு விசில் சத்தம் ஆவாதுங்க."

"என்னாம்மா?"

"சத்தம் ஆவாது. புள்ளைக்கு."

"புள்ளைக்கு என்னா, காய்ச்சலா?"

அத்தோடு என் பொறுமை போய்விட்டது. "அவனுக்கு ஆட்டிசம். டாக்டரு சொல்லிட்டாரு. பேச்சு வரல. சத்தம் தாங்க மாட்டான்." ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கத்தினேன். காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். எதிர் வீட்டுக் கதவும் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தன. தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கு மட்டும் பாதிதான் கேட்டிருக்கும். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் கீழே இறங்கி வந்து பையனின் மணிக்கட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். "அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி இத மேல கைப்பிடிச் சுவத்துல தொங்க வுடறேன். விசில் அடங்கனதும் எடுத்துடறேன். பாத்துக்கம்மா." விசில் அவருக்கே கேட்காது. குக்கர் முன்னால் நின்று ஆவி எத்தனை தரம் பீறிடுகிறது என்று எண்ணித்தான் இறக்குவாராம்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்கு வீட்டில் கூட்டம். நாக்கில் வசம்பு தடவச் சொன்னார்கள், எந்தக் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வது என்று சொன்னார்கள், கர்ப்பத்தில் நான் என்ன தின்றேன் என்று விசாரித்தார்கள். எல்லாரும் மறக்காமல் 'பாவம்' என்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வருவது நின்றது. வாசலில் விளையாட வந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதற்குப் பயந்துதான் ஒரு வருடம் பொய் சொன்னேன்.

ஆனால் துண்டு தவறாமல் தொங்கியது. முதல் சில நாள் நான்தான் மகனை வெளியே தூக்கிவந்து காட்டினேன், காதைப் பொத்திவிட்டேன். ஒரு மாதத்தில் பதினோரு மணிக்கு அவனே வாசலில் நின்று மேலே பார்த்தான். துண்டு விழுந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். மூன்று விசிலும் முடிந்து துண்டு மேலே போனதும் கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விடுவான், தன் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்க. கடியும் இல்லை, மோதலும் இல்லை. வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அவனால் தாங்க முடிந்தது. இதை அவனுக்குச் செய்துகொடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்.

துண்டை எடுத்த பிறகு அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்பார். தலையாட்டுவேன். "புள்ள?" அதற்கும் தலையாட்டுவேன். அன்றைய பகலில் என்னோடு யாரும் பேசியது அவ்வளவுதான். இரண்டு வருடம் அது போதுமாக இருந்தது.

போன மாதம் அவருடைய மகள் வந்து அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். துண்டு அவர் தோளிலேயே போனது. நான் ஓடிப்போய்ப் போன் நம்பர் வாங்கி எழுதிவைத்துக்கொண்டேன். காது கேட்காதவருக்குப் போன் போட்டு என்ன பேசுவது என்பது, ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாடிக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி குடிவந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் படியேறினேன்.

"எத்தன மணிக்குச் சமைப்பீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"எங்களுது கரண்டு குக்கர்தான்க்கா. சத்தமே வராது" என்றாள் அந்தப் பெண், பெருமையாக.

நல்லதாகப் போயிற்று என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். இனிமேல் விசில் இல்லை. நான் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியவர் போனதிலிருந்து அந்த நேரத்துக்கு அவனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்விடுவேன்; மறுநாள் போகவில்லை, பதினோரு மணிக்கு மகன் வாசலில் போய் நின்றான். மேலே பார்த்தான். துண்டு வரவில்லை. தானாகவே காதைப் பொத்திக்கொண்டு நின்றான். "தாத்தா ஊருக்குப் போயிட்டாரு, வாடா" என்றேன். அசையவில்லை. வெயில் அவன் முகத்துக்கு ஏறிவிட்டது. மூன்று விசில் வராமல் அவனால் உள்ளே வர முடியாது. ஒரு மணி நேரம் போயிற்று.

கடைசியில் நானே அவன் பின்னால் குந்தி உட்கார்ந்து, பொத்திய காதோரம், வாயால், மெதுவாக, உஸ் என்றேன். காத்திருந்தேன். இன்னொரு உஸ். அப்புறம் மூன்றாவது. அவன் கையை எடுத்துவிட்டு உள்ளே போனான். எந்தச் சத்தத்துக்குப் பயந்து குக்கரைப் பரணில் போட்டேனோ, அந்தச் சத்தத்தை இனி தினமும் நானே போட வேண்டும் போலிருக்கிறது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

மேலே கைப்பிடிச் சுவரில் அந்தப் பெண் குனிந்து நின்றாள். நான் எழுந்து, பழைய இடத்தில் நின்று, பழையபடியே கத்தினேன். "புள்ளைக்கு ஆட்டிசம். பேச்சு வராது. பதினோரு மணிக்கு விசில் வரும்னு நிக்கறான்." எதிர் வீட்டுக் கதவு மறுபடியும் திறந்தது.

"ஏங்க்கா கத்துறீங்க?" என்றாள் அவள். "எனக்குக் காது நல்லாக் கேக்குது. மெதுவாவே சொல்லுங்க."

இத்தனை நாளில் அதை நான் யாரிடமும் மெதுவாகச் சொன்னதில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.