யாரும் கேள்வி கேட்காத பாறை

சனிக்கிழமை காலையில் இந்த ஊர்ப் பேருந்தில் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். ஷெஃபீல்டுக்கு நர்சாக வந்த புதிதில், வீடு மாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வண்டி பிடிக்க வசதியில்லாமல் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போகிறார்கள் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, ஒரு முறை எழுந்து இடம்கூட விட்டிருக்கிறேன். அது பாறைக்கடியில் விரிக்கிற மெத்தை, ஏறும்போது தவறி விழுந்தால் அடிபடாமலிருக்க என்பது பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் வரிசையாகக் கரிய பாறைகள் நிற்கின்றன. விடுமுறை நாளில் ஜனங்கள் போய் அவற்றில் ஏறுகிறார்கள். ஏறி, இறங்கி, பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பாறைக்குப் போய்விட்டு இத்தனை சந்தோஷமாகத் திரும்புகிற மனிதர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் அப்பா ஆரோக்கியம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் வேலை செய்தவர். அவருக்கு முந்திய தலைமுறை அடுத்தவர் வயலில் குனிந்தது. அவர் தலைமுறை கல்லுக்குப் போனது. எங்கள் காலனியில் பாதி ஆண்கள் அங்கேதான். சாயங்காலம் அவர் திரும்பும்போது புருவமும் கண்ணிமையும் வெள்ளையாக இருக்கும். மாதா படத்துக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இருமுவார். கடைசியில் இருமல் மட்டும்தான் மிஞ்சியது. வார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஹெலன் முதல்முறை என்னைப் பாறைக்கு அழைத்துப் போனபோது, நான் கல்லைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, பழக்கமா என்று கேட்டாள். அப்பாவுக்குப் பாறையில்தான் வேலை என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவரும் கிளைம்பரா?" என்றாள். இல்லை, உடைத்தார் என்றேன். "ரெக்கார்டா?" என்றாள். அந்தக் கண்களில் அவ்வளவு மரியாதை. நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஹெலன் நல்லவள். கயிற்றையும் என்னையும் நம்பக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். புதிதாக ஏறுகிறவர்களுக்குப் பாறை தேர்ந்தெடுப்பது பெரிய வேலை என்பாள். அதிக உயரம் கூடாது. சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அடியில் தரை சமமாக இருக்க வேண்டும். பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்க் கயிற்றைக் கட்ட முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட, இடம் அமைதியாக இருக்க வேண்டும். தடுமாறுகிறவளை நாலு பேர் வேடிக்கை பார்த்தால் அவள் மறுபடி வரமாட்டாள். இதையெல்லாம் அவள் சொல்லும்போது, உலகத்தில் எந்தப் பாறைக்கும் இவ்வளவு பார்த்தால் போதும் என்றுதான் நானும் நம்பினேன்.

போன தை மாதம் லீவில் போனபோது பெட்டியில் கயிறு, இடுப்பு வார்கள், ஹெல்மெட்டுகளைக் கொண்டுபோனேன். கொண்டுவரச் சொன்னவள் என் தங்கை ஜெனி. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்யும் நஸ்ரின் புதுப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய அத்தா கல்பாக்கம் அணுமின் நிலைய ஆட்களை நம்பிப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஜெனிக்கு நான் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "எங்களையும் ஏத்தி வுடுவீங்களாக்கா? வூடு, பஸ்ஸு, லேப், வூடு. பேஜாரா கீது" என்று போனில் கேட்டவள் நஸ்ரின்தான். கூட வேலை செய்யும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நானும் ஜெனியும் ஸ்கூட்டியில் பாறை தேடப் புறப்பட்டோம். மாமல்லபுரத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் அங்கே ஏறக் கூடாது, அது நியாயம்தான். சுற்றி நிற்கும் கற்களும் ஆகாது. ஒரு பெண் பாறையில் தொங்கினால் அத்தனை சுற்றுலாக்காரர்களின் போனும் அவள் பக்கம் திரும்பிவிடும். கடலோரமாக வந்தால் ஒன்று விடுதிச் சுவர், இல்லாவிட்டால் வேலி. உள்ளே திரும்பினோம். ஒரு குன்றில் கோயில் இருந்தது, வேண்டாம் என்று விட்டோம். இன்னொன்றின் அடியில் சரியான முள்ளுக்காடு. கடைசியில் ஓர் ஏரிக்கரை தாண்டி அதைக் கண்டோம். யானை படுத்த மாதிரி சாய்ந்த கருங்கல். அடியில் புல்தரை, மேற்கே இரண்டு வேப்பமரம், பின்பக்கமாக உச்சிக்குப் போக ஆடு மேய்க்கிறவர்களின் தடம். மேலே கயிறு கட்டத் தோதாக ஓர் உருண்டைக் கல். நீர்க்கோழிகளின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஹெலன் பார்த்தால் கைதட்டியிருப்பாள். ஜெனி மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஊரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது அவங்க பக்கம்க்கா" என்றாள். பாறையில் யார் பெயரும் எழுதியில்லையே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். முதல் வேலையாக அடியில் கிடந்த பீர் பாட்டில் சில்லுகளைப் பொறுக்கினோம், ஒரு கோணி நிறைய வந்தது. பிறகு மேலே போய் உருண்டைக் கல்லைச் சுற்றி நைலான் பட்டை கட்டி, அதில் கயிற்றை மாட்டினேன். ஏறுகிறவளின் இடுப்பில் ஒரு முனை, கீழே நிற்கும் என் இடுப்பில் மறு முனை. அவள் ஏற ஏற நான் இழுத்துக்கொள்வேன். கால் வழுக்கினால் கயிறு தாங்கும். ஜெனி முதலில் ஏறினாள். சின்ன வயதில் புளியமரம் ஏறியவள், பல்லைக் கடித்துக்கொண்டு உச்சியைத் தொட்டுவிட்டாள். மற்ற இரண்டு பெண்களும் பாதியோடு இறங்கிவிட்டு, அதற்கே ஆயிரம் செல்பி எடுத்தார்கள். நஸ்ரின் முக்காட்டை இறுகக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். முக்கால் உயரத்தில் நின்று திரும்பினாள். "அக்கா, கடல் தெரியுதுக்கா!" என்று கத்தினாள். அது கடலாக இருக்க முடியாது, ஏரியின் மறுபக்கமாக இருக்கும். ஆனால் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கயிற்றை இத்தனை தூரம் சுமந்து வந்தேன் என்று தோன்றியது.

அப்போதுதான் பைக்குகள் வந்தன. நாலைந்து ஆண்கள். மீசை நரைத்த ஒருவர் முன்னால் வந்தார்.

"இன்னா பண்ணிகினு கீறீங்க இங்க?"

சொன்னேன். அவர் கயிற்றைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எந்தூரு?"

"செங்கல்பட்டு பக்கம்."

"செங்கல்பட்டு பெரிசு. எந்தப் பக்கம்? யார் வூட்டுப் பொண்ணு நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். ஒரு பெயர் போதும். அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "காலனி" என்றான் ஒருவன். பிறகு மேலே பார்த்து, "அது பாய் வூடா? நல்லா சேந்துதுங்க" என்றான். இது சாமி பாறை, பொம்பளைங்க கால் வைக்கக் கூடாது, அதிலும் நீங்கள் வைக்கவே கூடாது என்றார் மீசைக்காரர். சாமி எங்கே என்று ஜெனி கேட்டாள். பாட்டில் சில்லு நிறைந்த கோணி எங்களுக்கு நடுவில்தான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

பேச்சு நடக்கும்போதே ஒருவன் பின்பக்கத் தடம் வழியாக உச்சிக்குப் போயிருந்தான். நடந்தே போகலாம் என்பதற்காக நான் தேர்ந்தெடுத்த அதே தடம். உருண்டைக் கல் பக்கத்தில் நின்று, பட்டையைச் செருப்புக் காலால் நெம்பினான். "அண்ணாத்த, இத்த தள்ளி வுட்டா இன்னா ஆவும்?" என்று சிரித்தபடி கீழே கேட்டான். நஸ்ரினின் எடை முழுவதும் அந்தப் பட்டையில் இருந்தது. "டோன்ட் டச் இட்!" என்று கத்தினேன். உயிர் போகிற நேரத்தில் எனக்கு ஆங்கிலம்தான் வந்தது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இங்கிலீஷு பேசுதுடா காலனி!" கயிற்றை விட்டு வேறெங்கும் பார்க்காமல் நஸ்ரினை இறக்கினேன். மேலே அந்தக் கால் பட்டைமேலேயே இருந்தது. அவள் தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற விரல் வளையாமல் ஜெனியிடம் தலையை நீட்டினாள். மேலே நின்றவன் பட்டையையும் கயிற்றையும் எங்கள்மேல் எறிந்தான். அந்த மீசைக்காரர், "பொம்பளப் புள்ளைங்க, சும்மா வுட்டுட்டோம்" என்றார், ஏதோ உபகாரம் செய்தவர் போல.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். பைக் நம்பரெல்லாம் நஸ்ரின் போனில் இருந்தது, அவள் ஏறுவதை ஜெனி அதில் வீடியோ எடுத்தபோது பைக்குகள் வந்ததும் விழுந்திருந்தது. நஸ்ரின் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம்க்கா. அத்தாவுக்குத் தெரிஞ்சா லேப்புக்கே அனுப்ப மாட்டாரு." நான் ஜெனியைப் பார்த்தேன்.

"நீ பிளேன் ஏறிடுவ" என்றாள் ஜெனி. "நான் தெனம் அந்த ஊரு மேலதான் ஸ்கூட்டில வேலைக்குப் போறேன். ராத்திரி ஷிப்டு முடிஞ்சி வரேன். கம்ப்ளைண்டுல கையெழுத்து போட்டுட்டு நீ போ. மீதிய நான் பாத்துக்கறேன், இன்னா?"

அந்த ஊருக்குப் போய் அவர்கள் முகத்தில் காறி உமிழ வேண்டும் போலிருந்தது. உமிழ்ந்துவிட்டு விமானம் ஏறுகிறவளுக்கு அது சுலபம்.

இரண்டு நாள் கழித்து ஜெனியே என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனாள். அப்பா வேலை செய்த குவாரி. கைவிட்டு வெகுகாலமாகிறது. அடியில் பச்சைத் தண்ணீர், மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய சுவர். "இங்க யாரும் எந்தூருன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். உண்மைதான், அவ்வளவு அமைதி. சுவரில் வெடிமருந்து வைக்கத் துளைத்த தடங்கள் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக ஓடின. அதில் எது அப்பா போட்ட துளையோ. கைவைத்து இழுத்தேன், தலையளவு கல் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. வெடித்த பாறை உள்ளுக்குள் எல்லாம் விட்டுப்போயிருக்கும். இதில் யாரையும் ஏற்ற முடியாது என்றேன்.

"நம்மளுக்குன்னு வுட்டது இது ஒண்ணுதான்" என்றாள் ஜெனி. "அதுவும் ஆவாதுன்ற."

நஸ்ரின் அதற்குப் பிறகு பாறை பற்றிப் பேசவில்லை. வேலையை விடவும் இல்லை, தினமும் பஸ்ஸில் வருகிறாள் என்று ஜெனி சொல்கிறாள்.

இங்கே திரும்பி வந்ததும் ஹெலன் கேட்டாள், ஊரில் நல்ல பாறை கிடைத்ததா என்று. கிடைத்தது, ரொம்ப அமைதியான இடம் என்றேன். "லவ்லி! அடுத்த முறை நானும் வருகிறேன்" என்றாள். வரட்டும். அவளோடு போனால் அந்த மீசைக்காரரே இளநீர் வெட்டிக் கொடுப்பார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், மேட்டில் பூப்பூத்திருந்தது. அவள் பாதி ஏறியிருந்தபோது, நாயோடு உலாவ வந்த கிழவர் ஒருவர் உச்சியில், நாங்கள் கயிறு கட்டியிருந்த இடத்தில் வந்து நின்றார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். ஹெலன் பதிலுக்குக் கையசைத்தாள். என்னால் முடியவில்லை. இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, அவர் அங்கிருந்து நகரும்வரை அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.