முறை கேட்ட கறுப்பு வண்டி

கூடலூரில் எங்கள் ஜீப் ஸ்டாண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. புதிதாக ஒரு வண்டி வந்து வரிசையில் முறைக்கு நிற்க வேண்டுமென்றால், முதலில் அது ஆள் ஏற்றிய ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக் காட்ட வேண்டும். ஊருக்கு மேற்கே தோப்புப் பாதையில் செம்மண் ஏற்றம் ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை இழுத்தால் முறை கிடைக்கும். இல்லையென்றால் வேறு ஊரைப் பார்க்க வேண்டியதுதான்.

கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் காரணம் உண்டு. எங்கள் ஜீப்புகள் விடியும்போதே பெண்களை ஏற்றிக்கொண்டு லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குள் போகின்றன. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை வெறும் சேறு. ஒரு வண்டி மாட்டினால் அடுத்து வருகிற வண்டிதான் இழுத்துவிட வேண்டும். இழுக்கத் தெம்பில்லாத வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நின்றால், பின்னால் நிற்கும் அத்தனை ஜீப்பின் பெண்களுக்கும் அன்றைய வேலை போச்சு.

அந்த ஏற்றத்தில் போன வருடம் ராஜாத்தி அத்தை ஒரு எஸ்யூவியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்த வேண்டிய அவசியம் என்ன என்று இன்றைக்கும் ஸ்டாண்டில் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை மார்க்கையன்கோட்டையில் பிறந்து கூடலூருக்கு வாக்கப்பட்டவர். அவருடைய கணவர் முத்துராஜா மாமா ஆசை ஆசையாக ஒரு ஜீப் வாங்கினார். முதல் நாளே மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். "மலை ஏறுனா தலை சுத்தும்னு மலை ஏறுனப்பத்தான தெரியும்" என்பது அவர் கட்சி. சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் வண்டியைப் போட்டு உடைத்தார்கள். ஒருநாள் அத்தை சாவியைக் கையில் வாங்கினார். ஆற்றங்கரைப் பாதையில் தானாகவே ஓட்டிப் பழகி, அந்தச் செம்மண் ஏற்றத்தில் கயிறு கட்டி இழுத்து, ஸ்டாண்டில் முறை வாங்கினார். எங்கள் ஸ்டாண்டில் முறை வாங்கிய முதல் பெண் அவர்தான். மற்றவர்கள் பதினான்கு பேரைத் திணித்துக்கொண்டு போனபோதும் அவர் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றியதில்லை.

அந்த எட்டில் ஒருத்தி என் அம்மா சண்முகத்தாய். அவள் அந்த ஜீப்பில் மலைக்குப் போய் வந்ததில்தான் நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்து, தேனிப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவின் முதல் டிகிரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஏலக்காய், செடியின் அடித்தூரில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குத்த வைத்துத்தான் பறிக்க வேண்டும். சாயங்காலம் முழங்கால் நிமிராது. ஒருநாள் கூடலூர் வந்து சேர்ந்தபோது ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அம்மாவால் இறங்க முடியவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து அவளை மூட்டை மாதிரித் தூக்கி இறக்கினார்கள். கடைவீதியே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா சிரித்துச் சமாளித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"இனிமே என் வண்டியில இருந்து ஒருத்தியையும் தூக்கி எறக்க மாட்டேன். அவளுக கால் ஊனி எறங்குற மாதிரி ஒரு வண்டி வாங்குறேன்" என்றார்.

ஸ்டாண்டின் தலைவர் சுரேஷ்கண்ணனுக்கு இது காதில் விழுந்தது. அத்தைக்கு அவர் கொழுந்தன் முறை. அதனால் வாய்க்கு வந்ததைப் பேசுவார்.

"என்ன மதினி, காரு வாங்கப் போறியளாம்ல. காய் பறிக்கப் போறவளுகளுக்கு ஏசியா? நாளைக்குத் தலகாணி கேப்பாளுக."

"கேட்டாக் குடுப்பேன். ஒனக்கும் ஒண்ணு வேணும்னாச் சொல்லு, சேத்து வாங்கிட்டு வாரேன்."

"கல்யாண வண்டிய வச்சுக்கிட்டு முறைக்கு நிக்க முடியாது. சட்டம் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். கயித்த நீயே கொண்டுட்டு வா."

பெரிய எஸ்யூவியில் இரண்டைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். இரண்டின் விளம்பரத்திலும் ஒரே மலை, ஒரே மேகம், கூலிங்கிளாஸ் போட்ட ஒரே மாதிரி ஆள். தினமும் மலை ஏறுகிறவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று வரும்.

தேனி ஷோரூமில் வெள்ளை வண்டிக்காரர், பெயர் கார்த்திக்ராஜ், அத்தையோடு போன என்னைப் பார்த்தே பேசினார். "சார், பைபாஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். மேடம் பின்னாடி உக்காந்து கம்ஃபர்ட் பாக்கட்டும்."

"நான்தான் ஓட்டுறவ" என்றார் அத்தை. "பைபாஸ்ல எனக்கு என்ன சோலி? வண்டியத் தோட்டத்துக்குக் கொண்டு வாங்க. காலையில வேணாம், வேலை முடிஞ்சு சாயங்காலம் வாங்க. அலுத்துப்போய் வாரவளுக உக்காந்து பாக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: "காலையில எந்தச் சீட்டும் நல்லாத்தான் இருக்கும் சார்."

வெள்ளிக்கிழமை வெள்ளை வண்டி தோட்டத்து வாசலுக்கு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அருமையான வண்டி. என்ஜின் ஓடுவதே கேட்காது. பள்ளத்தில் இறங்கினால் தொட்டில் ஆட்டுவது போல இருந்தது. உள்ளே சீட்டெல்லாம் பால்கோவா நிறம். பெண்களின் கைகளில் ஏலக்காய்க் கறை, கால்களில் சேறு. கார்த்திக்ராஜ் பாலித்தீன் ஷீட்டை விரித்தார். ஏழு பெண்களும் அதன்மேல் முதுகு சாயாமல், காலைச் சுருக்கிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர்கள் போல உட்கார்ந்தார்கள். எட்டாவதாக அம்மா. கடைசி வரிசைக்குப் போக நடுச்சீட்டை மடக்கி அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். இரண்டு தடவை முயன்றுவிட்டு முன்சீட்டுக்கு வந்துவிட்டாள்.

கார்த்திக்ராஜ் ஒரு பொத்தானை அழுத்தினார். கூரை திறந்தது.

"இது என்ன தம்பி?" என்றாள் அம்மா.

"சன்ரூஃப் மா."

"பாதி வருசம் மழை பெய்யிற மலையில கூரையில எதுக்கு ஓட்டை?"

கூடலூர் வரும்வரை பாலித்தீன் சரசரத்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் தூங்கவில்லை.

சனிக்கிழமை கறுப்பு வண்டி வந்தது. இதில் குலுக்கல் அதிகம், என்ஜின் சத்தமும் உண்டு. சீட்டு கறுப்பு ரெக்சின். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பின்பக்கம் தனிக் கதவு, அதற்குக் கீழே அகலமான படி. உள்ளே ஜீப் மாதிரியே எதிரெதிராகச் சீட்டு, நடுவில் எட்டுத் தூக்குவாளிகள் நிற்க இடம். அம்மா கம்பியைப் பிடித்து, படியில் ஒரு கால் வைத்து, தானாக ஏறினாள். மலை இறங்கும் வழியில் இரைச்சல் பாலம் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேர் தூங்கிப்போயிருந்தார்கள்.

அத்தை என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "மருமகனே, எது இழுக்கும்?"

இதற்குத்தானே படித்தேன். வெள்ளை வண்டியில் முன்சக்கரம்தான் இழுக்கும். பின்னால் பாரம் கட்டி ஏற்றத்தில் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும், சக்கரம் சும்மா சுழலும். கறுப்பில் அடியில் லாரிக்குப் போல இரும்புச் சட்டம் உண்டு, பின்சக்கரம் இழுக்கும். பாரம் ஏற ஏற அதற்குப் பிடிப்புதான். இதைச் சொன்னேன். ஆனால் ஏற்றத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்க வழியில்லை. ஷோரூம் வண்டியில் கயிறு கட்டக்கூடாது என்று இரண்டு கம்பெனிக்காரர்களுமே சொல்லிவிட்டார்கள்.

அத்தை ஜீப்பை விற்றார். கறுப்பு வண்டியை வாடகை வண்டியாகவே பதிந்து வாங்கினார். இப்போது அது ஏற்றத்தில் தோற்றால் அவருக்கு ஸ்டாண்டில் முறை கிடையாது, திரும்பிப் போக ஜீப்பும் கிடையாது. எட்டுப் பெண்களும் மறுபடி யாராவது ஒருவருடைய வண்டியில் பதினைந்தாவது ஆளாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்மண் ஏற்றத்தில் ஸ்டாண்டே கூடிவிட்டது. சுரேஷ்கண்ணன் தன் ஜீப்பில் எட்டு ஆட்களை ஏற்றி வைத்திருந்தார். ஸ்டாண்டிலேயே கனத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கிய எட்டு. நான் வீடியோ எடுக்க உச்சியில் போய் நின்றேன். கீழே சுரேஷ்கண்ணன் தன் கையாலேயே கறுப்பு வண்டியின் பின்பம்பரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். அத்தை குனிந்து பார்த்து, கட்டு சரி என்று தலையாட்டினார். முத்துராஜா மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. கயிறு விறைத்தது. 'படார்' என்று ஒரு சத்தம். கறுப்பு வண்டி துள்ளி முன்னால் போயிற்று. பம்பர் கயிற்றின் நுனியில் தூண்டிலில் மாட்டிய விலாங்கு போலச் செம்மண்ணில் புரண்டது.

ஸ்டாண்டு சிரித்த சிரிப்பு தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"மதினி, கல்யாண வண்டி வேட்டிய அவுத்துருச்சு" என்றார் சுரேஷ்கண்ணன்.

அத்தை இறங்கி வந்தார். பம்பரைக் காலால் புரட்டிப் பார்த்தார். "ஏலே, இது பிளாஸ்டிக்குடா. கட்டுன ஒனக்கும் தெரியல, பாத்த எனக்கும் தெரியல. ரெண்டு பேரு புத்தியும் ஜீப்பு இரும்புலயே நிக்குது."

ஜீப்பின் பம்பர் இரும்பு. பிறந்ததிலிருந்து எங்கள் ஆட்கள் அதில்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள். வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. நான் உச்சியிலிருந்து ஓடி வந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்த இழுவைக் கொக்கி, பம்பர் போன இடத்தில், சட்டத்தோடு சேர்ந்து பளிச்சென்று தெரிந்தது.

"அத்தை, இங்கன கட்டணும்."

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி" என்றார் சுரேஷ்கண்ணன். "வண்டி ஒடஞ்சா தோத்ததுதான்."

அத்தை அவர் பக்கம் திரும்பினார். "சட்டம் என்ன? இழுக்கணும். முழுசா நின்னு இழுக்கணும்னு எவன் சொன்னான்? ஒன் ஜீப்புக்குக் கதவே இல்ல. அதுக்கு முறை இருக்குல்ல?"

சுரேஷ்கண்ணனின் ஜீப்பில் இருந்த எட்டுப் பேரில் மூன்று பேர் அதற்குச் சிரித்துவிட்டார்கள். அவர் பம்பரிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

"கட்டு" என்றார் அத்தை.

கொக்கியில் கயிறு ஏறியது. சுரேஷ்கண்ணன் தன் ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பம்பரை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு அத்தை ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதல் கியரில் கயிற்றின் தொய்வை மெல்ல எடுத்தார். விறைத்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மிதித்தார். பின்சக்கரங்கள் செம்மண்ணைக் கொஞ்சம் வாரி இறைத்தன. பிறகு பிடித்தன. ஜீப் அசைந்தது. எட்டுக் கனத்த ஆட்களும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். பம்பரில்லாத கறுப்பு வண்டி உறுமிக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தது.

உச்சியில் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தோப்பைக் கடந்து, கடைவீதிக்குள் நுழைந்து, சுரேஷ்கண்ணன் பின்னால் ஹாரன் மேல் ஹாரன் அடிக்க, ஸ்டாண்டு வரைக்கும் அவரை இழுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டுத்தான் அத்தை இறங்கினார்.

"உச்சியிலயே நிப்பாட்டுனா என்ன மதினி?"

"கயித்த அவுக்கச் சொல்லி நீ சொல்லலியே."

மறுநாள் விடியும்போது கறுப்பு வண்டி முறையில் நின்றது. பம்பரை மாமா திருப்பி மாட்டச் சொன்னார். அத்தை கேட்கவில்லை. மழைக்காலத்தில் வண்டி இழுக்க அதை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், அது இல்லாமலிருந்தால் கொக்கி நேராகக் கைக்கு எட்டும் என்று அதை வீட்டுக் கொல்லையில் சாத்தி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா கம்பியைப் பிடித்து, படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று தானாக இறங்கி, கடைவீதியைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஆடி மழையில் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது நானும் அவர்களோடு வந்தேன். தோட்டத்துப் பாதையில் முன்னால் ஒரு ஜீப் சேற்றில் அச்சு வரை இறங்கிக் கிடந்தது. சுரேஷ்கண்ணனுடையது. பதினான்கு பெண்கள் சாக்குக் கொங்காணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். அத்தை பக்கவாட்டுப் புல்லில் ஏற்றி, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், பின்பக்கத்தை அதற்குக் காட்டி நிறுத்தினார். சுரேஷ்கண்ணன் கயிற்றோடு வந்தார். யாரும் சொல்லாமலே நேராகக் கொக்கிக்குக் குனிந்தவர், பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன மதினி, எல்லாரும் ஒறங்குறாக?"

அத்தை ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஆமா. சத்தம் போடாமக் கட்டு."