பாடத்துக்கு ஒரு வியாதி

உஷாவுக்கு இதயம் கெட்டது ஜூலையில். ஆகஸ்டில் சிறுநீரகம் போயிற்று. செப்டம்பரில் மண்ணீரல் வீங்கிவிட்டதென்று இரண்டு நாள் இடது பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை. கல்லூரியில் எந்த உறுப்பைப் பற்றிப் பாடம் நடக்கிறதோ, அந்த வாரம் அந்த உறுப்பு அவளுக்குப் பழுதாகிவிடும்.

முப்பத்தொன்பது வயதில் படிக்கப் போனவள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம், ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசை. ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் உறையில் போட்டுக் கொடுத்துக் கொடுத்து, உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற நமைச்சல் வந்துவிட்டது. லேப் டெக்னீஷியன் டிப்ளமாவில் சேர்ந்தாள். முதல் வருடம் உடற்கூறும் உடலியங்கியலும். கூடப் படிக்கிற பதினெட்டு வயசுகள் பாடத்தைப் புத்தகத்தில் படித்தன. இவள் தன் உடம்பைத் தடவித் தடவிப் படித்தாள். காலையில் வகுப்பில் நுழையும்போதே யாராவது ஒருத்தி, "அக்கா, இன்னிக்கு எது?" என்பாள். உஷாவுக்குக் கோபம் வராது. அதற்கு நேரமிருந்தால்தானே? ஒரு கை நாடியில் இருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும்.

கணவர் கோதண்டராமன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அட்மின் பிரிவு. பொறுமைசாலி. அவள் கூப்பிடும்போதெல்லாம் பர்மிஷன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார், ஃபாரம் நிரப்புவார், வெளியே பெஞ்சில் உட்காருவார். டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பியதும், "தப்பிச்சியா? வா, மசால் தோசை சாப்பிட்டுப் போலாம்" என்பார். ஆனால் தனக்கென்று அவர் டாக்டர் வாசலை மிதித்ததில்லை. "போனா ஏதாவது ஒண்ணு கண்டுபிடிப்பான். நமக்கெதுக்கு?" நாலைந்து மாதமாக இருமல். கேட்டால் மெட்ரோ வேலை நடக்கிற தூசி என்பார். அந்த இருமல் வீட்டில் மிக்ஸி சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

அக்டோபரில் தோலும் நகமும் வந்தன. தோலில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப்போகிறது என்று கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தாள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கையில், பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் எதிரும் புதிருமாக ஒட்டி வைத்து, நடுவில் வைர வடிவில் சின்னச் சந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. மீதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிய இடத்திலேயே விரல்களை ஒட்டிப் பார்த்தாள். சந்து வழியாக எதிர் பேக்கரியின் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. உஷா புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்ப இனி யாருக்குத் தைரியம் வரும்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோதண்டராமனின் கைகளைப் பிடித்து நகங்களை ஒட்டி வைத்தாள். அவர் நகங்கள் ஒன்றோடொன்று அப்படியே படிந்தன. சந்தே இல்லை.

"உங்களுக்கு இல்லைங்க. எனக்குத்தான் இருக்கு."

"இந்தத் தடவை நுரையீரலா? சும்னே டென்ஷன் ஆகாதே. சனிக்கிழமை போலாம்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறித் தண்ணீர் குடித்தார். "வேணும்னா என் நகத்தை வெச்சுக்கோயேன்."

மூன்று நாள் அவள் தூங்கவில்லை. குக்கர் விசில் எண்ணும்போது, துணி உலர்த்தும்போது, சிக்னலில் பஸ் நிற்கும்போது, விரல்கள் தானாகவே ஒட்டிக்கொண்டன. சந்து மூடவே இல்லை.

வியாழக்கிழமை செய்முறை வகுப்பு. பாடம் எடுக்கிற ஜானகி மேடம் ஆஜர் எடுத்து முடிக்கும்வரைகூட உஷாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். "மேடம், எனக்கு நகத்துல சந்து தெரியுது."

மேடம் சிரிக்கவில்லை. "எல்லாரும் விரலை ஒட்டி வைங்க" என்றாள். முப்பத்திரண்டு பேரும் வைத்தார்கள். முப்பத்திரண்டு பேருக்கும் சந்து தெரிந்தது.

"தெரியணும் உஷா. அதுதான் நார்மல். நகத்தடிச் சதை தடிச்சுப்போய் அந்தச் சந்து மூடிக்கிச்சுன்னாதான் பார்க்கணும். நெஞ்சுக்குள்ள ரொம்ப நாளா ஏதோ இருக்குன்னு சந்தேகப்படணும்."

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் உஷாதான். மூன்று நாள் பாரம் இறங்கி ஸ்டூலில் உட்காரப் போனவள், பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு உஷா?"

உஷா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி கேட்டருகே இங்குமங்கும் நடந்தாள். உங்கள் நகம் சரியில்லை என்றால் சிரிப்பார். சனிக்கிழமை என்பார், பிறகு அடுத்த சனிக்கிழமை என்பார். தனக்காக வரமாட்டார். அவளுக்காக என்றால் எந்த மதியமும் வருவார்.

"என்னங்க, எனக்கு மூச்சு முட்டுது."

"எங்க இருக்கே? எப்பவும் போற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சுப் போய் உக்காரு. இதோ வரேன்." கேலி ஒரு சொல் இல்லை.

வைட்ஃபீல்டிலிருந்து வந்து சேர ஒன்றேகால் மணி நேரமாயிற்று. அதுவரை ஆஸ்பத்திரி வாசலில் அவள் உட்காரவே இல்லை. அவர் ஆட்டோவிலிருந்து இறங்கி அவசரமாகப் படியேறினார். நாலாவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று இருமினார். சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நின்றது. இத்தனை மாதம் தன் விலாவையே அமுக்கிக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லையே என்று தன்மீதே ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அவள் தோளைப் பிடித்தபடியே கவுன்டருக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பேஷண்ட் ஹெசரு?" என்று கன்னடத்தில் பெயர் கேட்டாள் கவுன்டர் பெண்.

அவர் உஷா என்று எழுதி முடிப்பதற்குள் அவள் பேனாவைப் பிடுங்கினாள். அதை அடித்துவிட்டு, கோதண்டராமன், வயது நாற்பத்தேழு என்று எழுதினாள்.

அவர் ஃபாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏய், உனக்குத்தானே மூச்சு முட்டுதுன்னே?"

உஷா அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."