குலாம் முகம்மதுவின் மூன்று வண்டிகள்

கச்சேரி ரோட்டில் கார் வருகிறதென்றால் ஜனங்கள் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்து, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, அப்புறம்தான் ஓரம் போவார்கள். பாய் வண்டி என்றால் மட்டும் கதை வேறு. லஸ் முனையில் சத்தம் கேட்கும்போதே இளநீர்க்காரர் தள்ளுவண்டியை நடைபாதைக்கு ஏற்றிவிடுவார். மாட்டு வண்டிக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படி ஒரு வேகப் பைத்தியம். ஆனாலும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவன் அடித்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் பிடித்துக்கொள்ளும்.

அவன் பெயர் குலாம் முகம்மது. மயிலாப்பூரில் அது யாருக்கும் தெரியாது. மீன்காரியிலிருந்து மாஜிஸ்திரேட் வரைக்கும் எல்லாருக்கும் அவன் பாய்தான்.

முதல் வண்டி மந்தைவெளி டாக்டர் ஒருவருடைய பேபி ஆஸ்டின். நாற்பதாம் வருஷம். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் சாந்தோம் ரோட்டில் பாரிஸ்டர் ஒருவருடைய கப்பல் போன்ற கார் அதை உரசிக்கொண்டு முந்தப் பார்த்தது. குலாமுக்கு ரத்தம் சூடேறிவிட்டது. பின்னால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கத்த, சாந்தோம் கோயில் தாண்டுவதற்குள் பாரிஸ்டர் கார் பின்னால் புழுதி தின்றுகொண்டிருந்தது. மறுநாள் தெப்பக்குளம் பக்கம் எல்லாரும் டாக்டர் வண்டி ஜெயித்ததைப் பற்றித்தான் பேசினார்கள். வண்டி தானாகவே ஓடியது போல.

இரண்டாவது, போர்க்காலத்துக் கரி டாக்ஸி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் காலியான சமயம். பெட்ரோல் கண்ணில் காட்டக் கிடைக்காது. டாக்ஸிகளின் முதுகில் ஒரு கொதிகலன் மாதிரி டிரம்மைக் கட்டி, அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அந்தப் புகையில்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும். பாதி பலம்கூட இருக்காது. ஒரு முறை வேகம் விட்டுப்போனால் மறுபடி பிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் குலாம் பிரேக்கைத் தொடுவதையே விட்டுவிட்டான். வளைவா, கியரைக் குறைத்து, வண்டியின் வாலைச் சறுக்க விட்டு, வேகம் சிந்தாமல் திரும்புவான். அந்தக் கரி வண்டியை வைத்துக்கொண்டு அடையாறு பாலத்துக்கு ஒரு மிலிட்டரி லாரியை முந்திப் போனானே, அதை நேரில் பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களும் என்ன சொன்னார்கள்? கரி வண்டி லாரியைத் தோற்கடித்துவிட்டதாம். கரிக்குக்கூடப் பெயர் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது வண்டிதான் கதை. மாடவீதி வக்கீல் ஸ்ரீரங்கனுடைய கறுப்பு சலூன். ஆறு சிலிண்டர், தோல் சீட்டு, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மட்கார்டு. நாலு வருஷமாக குலாம் அதைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்து அவன் மனைவி கைசர் ஜஹான் அதற்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம். அடையாறில் சில கார்ப் பிரியர்கள் சேர்ந்து சலூன் கார்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். எலியட்ஸ் பீச்சுக்குப் போகும் ரோட்டில் ஒரு மைல் தூரத்துக்கு இரண்டு முனையிலும் தார் டிரம் வைத்து, ஐந்து முறை போய்த் திரும்ப வேண்டும். வண்டியின் சொந்தக்காரர் கட்டாயம் வண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சம்பள டிரைவர்கள் தங்கள் பாட்டுக்கு வந்து கலந்துகொண்டுவிடக் கூடாதே என்று போட்ட விதி அது.

ஸ்ரீரங்கனுக்குப் பந்தயத்தில் ஆசை ஒன்றும் கிடையாது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினாலே பெருமாளைக் கூப்பிடுகிறவர். ஆனால் அதற்கு முந்தின வாரம் பாண்டி பஜாரில் ஒரு தி.நகர் கான்ட்ராக்டர் மகன், புத்தம் புதுக் காரில் அவரைக் கடந்து போகும்போது தலையை வெளியே நீட்டி, கட்டை வண்டி என்று கத்திவிட்டுப் போனான். அவனும் பந்தயத்தில் ஓடப்போகிறான் என்று தெரிந்ததும் வக்கீலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விதியில் சொந்தக்காரர் உள்ளே இருக்கத்தானே சொல்லியிருக்கிறது, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், நீ ஓட்டு என்று குலாமிடம் சொல்லிவிட்டார்.

குலாமுக்குக் கால் தரையில் பாவவில்லை. கைசர் ஜஹான்தான் கேட்டாள், ஜெயித்தால் கோப்பையை யார் வீட்டில் வைப்பார்கள் என்று.

"கப்பு வக்கீலு வூட்லயே இருக்கட்டும்," என்றான் குலாம். "ஜெயிச்சவன் பேரை மைக்குல சொல்வாங்கோ. எம் பேரு ஒரு தபா அதுல வந்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் பந்தயம். அங்கேதான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் கிளம்பினால் உருப்படுமா? வெளியூர் வழக்குக்குப் போக நேரம் சரியில்லையென்றால் நல்ல நேரத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்து, கிளம்பிவிட்டதாகக் கணக்குப் பண்ணிக்கொள்கிற வம்சம் வக்கீலுடையது. அதே யுக்தியை வண்டிக்கும் போட்டார்.

"நாலேகாலுக்கே ஸ்டார்ட் பண்ணி நாலடி நகத்திடு, பாய். அப்பறம் அணைக்கப்படாது. கிளம்பியாச்சுன்னா கிளம்பியாச்சு, ராகு ஒண்ணும் பண்ண முடியாது."

மே மாத வெயிலில் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் தண்ணீர் கொதித்துவிடும் என்று குலாம் சொல்லிப் பார்த்தான். கால் மணி நேரம்தானே என்றார் அவர். கால் மணி நேரமாகவா இருந்தது? தலைமை தாங்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேரும்போது மணி ஐந்து பத்து. ஏழு வண்டிகளில் ஆறு வண்டி மரத்தடியில் சுகமாக ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, சக்களத்தி மட்டும் ஐம்பத்தைந்து நிமிஷம் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். குலாமின் கண் ரேடியேட்டர் மூடியைவிட்டு நகரவில்லை. ராகு எங்கேயும் போகவில்லை, பானட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கொடி விழுந்தது. அப்பா, அந்தப் புறப்பாடு! ஏழு வண்டியும் ஒரே சமயத்தில் உறும, பக்கத்து ஊரூர் மீனவக் குப்பத்து ஜனம் முழுக்க ரோட்டோரம் நின்று விசில் அடித்தது. கைசர் ஜஹானும் அங்கேதான் இருந்தாள். கச்சேரி ரோட்டுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மா அவளைக் குப்பத்துக்கு அழைத்து வந்திருந்தாள். குலாம் முதல் டிரம்மை இரண்டாவது ஆளாகச் சுற்றினான். முன்னால் கான்ட்ராக்டர் மகன் மட்டும்தான். கையெட்டும் தூரம்தான், இதோ பிடித்துவிடலாம் என்று இருந்தபோது மூடி இடுக்கிலிருந்து ஆவி சீறியது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.

முதல் சுற்று முடிந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான். மற்ற ஐந்து வண்டிகளும் சர்சர் என்று கடந்து போயின.

"தண்ணி இல்லாம ஒண்ணும் நடக்காது, சாமி," என்றான்.

ஸ்ரீரங்கன் பின்சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். கையில் கூஜா. எங்கே போனாலும் கூடவே வரும் பித்தளைக் கூஜா, உள்ளே சீரகத் தண்ணீர். அவர் சம்சாரமே குளித்துவிட்டுத்தான் அதைத் தொடுவாள். நாலு வருஷத்தில் குலாம் அதன் பக்கம் கையைக் கொண்டுபோனதில்லை. இப்போதும் அவன் கை பாதியில் நின்றது.

"பிடி," என்றார் வக்கீல். "ஆசாரத்தை ஆத்துக்குப் போய்ப் பார்த்துக்கறேன்."

அவருடைய அங்கவஸ்திரத்தையே மடித்துப் பிடித்து மூடியைத் திருகினான். வெந்நீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடங்கியது. இன்ஜினை அணைக்காமலே, சூட்டில் இரும்பு விரிசல் விடாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீரகத் தண்ணீரை ஊற்றினான். பானட்டின் ஒரு பக்கத் தகட்டைக் காற்று புகும்படி மேலே மடித்து அதே அங்கவஸ்திரத்தால் இழுத்துக் கட்டினான். எல்லாம் சேர்ந்து முக்கால் நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்கப்புறம் அவன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது. டிரம் இருந்த இடத்தில் கடல் மணல் ரோட்டை மூடியிருந்தது. மற்றவர்கள் அங்கே பிரேக் போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெல்லச் சுற்றினார்கள். கரி வண்டி ஓட்டினவனுக்கு பிரேக்கை மிதிப்பது என்றாலே பாவம். கியரைத் தட்டி, கைபிரேக்கை ஒரு இழு இழுத்தான். சக்களத்தியின் வால் மணலில் சுழன்று டிரம்மை வளைத்தது. பின்சீட்டில் ஸ்ரீரங்கன் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு உருண்டுபோய் நாராயணா என்றார். அடுத்த டிரம்மில் மறுபடி இந்தக் கதவுக்கே வந்து சேர்ந்தார். இரண்டாம் சுற்றில் ஒரு வண்டியைத் தாண்டினான். மூன்றாம் சுற்றில் இரண்டு. அதற்குள் ஒருவர் மணலில் புதைந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒலிபெருக்கி கத்தியது. நாலாவதாக வக்கீல் ஸ்ரீரங்கன். இரண்டாவதாக வக்கீல் ஸ்ரீரங்கன். அந்தப் பெயர் காதில் விழ விழ குலாமின் கால் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தியது.

கடைசி டிரம். கான்ட்ராக்டர் மகன் அகலமாகச் சுற்றப் போனான். டிரம்முக்கும் அவன் வண்டிக்கும் நடுவில் ஒரு காருக்கு இடம் இருந்தது என்று குலாமைத் தவிர வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நுழைந்தான். டிரம் மட்கார்டில் உரசி டங்கென்றது. இரண்டு வண்டியும் கதவோடு கதவாக ஒரு மைல். ஆவி மறுபடி கிளம்பிவிட்டது, அங்கவஸ்திரம் கொடி மாதிரி படபடத்தது, குப்பமே பாய் பாய் என்று கூவியது. ஒரு பானட் நீளம் முந்தி முடிவுக் கோட்டைத் தாண்டினான்.

ஒலிபெருக்கி சொன்னது: "முதல் பரிசு, மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீரங்கன்."

குலாம் கொதிக்கிற ரேடியேட்டர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டான். டாக்டர், கரி, இப்போது வக்கீல்.

ஸ்ரீரங்கன் குடுமி அவிழ்ந்து தொங்க, தள்ளாடிக்கொண்டே மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். கோர்ட்டில் பேசிப் பழகிய குரல்.

"வண்டிதான் என்னுது. ஓட்டினது நான் இல்லை, நான் கண்ணையே திறக்கலை. ஓட்டினது என் டிரைவர். அவன் பேரைத்தான் நீங்க சொல்லணும்."

அறிவிப்பாளர் பென்சிலை எடுத்து, பேர் என்ன என்று கேட்டார். ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சட்டப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிற மனுஷன். நாலு வருஷமாக, தினம் இரண்டு வேளை, அவன் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"பாய்," என்றார் கடைசியில்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. மேடையிலிருந்து இறங்கி, மணலில் நடந்து வந்து, குலாமுக்கு முன்னால் நின்றார்.

"தப்புதாம்ப்பா. உன் பேர் என்ன?"

குலாமுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. கையில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தானே மேடைக்குப் போய் மைக் முன்னால் நின்று தன் பெயரைச் சொன்னான். பழக்கமில்லாத வாய், குரல் பாதி உள்ளேயே போய்விட்டது. மீதியைக் கடல் காற்று கொண்டுபோயிற்று. கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது.

இறங்கி, மனைவியைத் தேடிக்கொண்டு குப்பத்து ஜனத்துக்குள் புகுந்தான். கைசர் ஜஹான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேசம்மாவோடு நின்றாள்.

"காத்துல ஒண்ணும் காதுல வுழல," என்றாள் தேசம்மா. "இன்னா பேரு சொன்னாரு உன் வூட்டுக்காரரு?"

கைசர் ஜஹானுக்குக் கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"குலாம் முகம்மது," என்றாள், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவன் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. தேசம்மாவுக்கு அந்தப் பெயர் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. கைசர் ஜஹான் இன்னொரு முறை சொன்னாள்.