ஏழு கோல் போட்ட கிளியம்மாள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் ஞானம்மாள் காலி அன்னக்கூடையை மைதானத்துக் கோட்டோரமாகக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, பதினேழு பதினெட்டு வயதுப் பெண்களைத் திட்ட ஆரம்பிப்பார். "ஏய் ஏயாம் நம்பரு, இன்னா பூப்பறிக்க வந்தியா? பந்தப் பாருடி, பந்த!" ஏழாம் நம்பர் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருப்பாள். அதுதான் ஞானம்மாளுக்குப் பிடிக்காது. சுமாராக ஆடுகிறவர்களை அவர் ஒன்றும் சொல்வதில்லை.

முப்பத்தேழு வயது. கோவளத்தை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் மீனோடு வந்து, கிழக்குத் தாம்பரத்தில் சாலையோரம் கடை விரிப்பவர். பேரம் பேசினால் பதில் வராது, அடுத்த ஆளைப் பார்த்து "உனுக்கு இன்னாமா வோணும்?" என்று போய்விடுவார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, நமக்கு எவ்வளவு மீன் தேவை என்பதை அவரே தீர்மானிப்பார். கூடைக்குப் பக்கத்தில் வரும் பூனையைக் கையால் விரட்டும் வழக்கம் இல்லை. உட்கார்ந்தபடியே இடது காலின் உட்புறத்தால் ஒரு தள்ளு. பூனைக்கு வலிக்காது. ஆனால் நாலடி தள்ளிப் போய் நின்று, என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும். எட்டு வருடமாக அவரிடம் மீன் வாங்குகிற எனக்கு அந்தக் காலைப் பற்றி எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

ஞாயிறு மதியத்துக்குள் மீன் தீர்ந்துவிடும். ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மைதானத்துக்கு வருவார். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த மைதானத்தில் ஐந்து வருடத்துக்கு முன் பெண்கள் கால்பந்து தொடங்கியபோது பார்க்க நின்றவர்கள் பதினைந்து பேர் இருக்கும். அதில் பாதிப் பேர் என்னைப் போல நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள். "பொம்பளப் புள்ளைங்க டவுசர் போட்டுகினு..." என்று இழுத்தவர்களும் உண்டு. இப்போது 2008. வேலியோரம் நாலு வரிசைக்குக் கூட்டம் நிற்கிறது. மேடவாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குழந்தைகளோடு காரில் வருகிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பதினோரு பெண்களின் படத்தையும் போட்டு இருபதடிக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு இழுத்தவர்களே இன்றைக்கு முன்வரிசையில் நின்று, ரெஃப்ரிக்குக் கண் தெரியவில்லை என்று கத்துகிறார்கள்.

இத்தனையும் ஞானம்மாளுக்கு வயிற்றெரிச்சல். அவர் அதை மறைப்பதும் இல்லை.

"ஆமா சார், எரியுது. சோடா குடிச்சா போற எரிச்சலா இது? பாரு, ஒவ்வொருத்திக்கும் முதுகுல பேரு. எங்களுக்கு நம்பரே கெடையாது. டீச்சரம்மா சாக்பீஸால எய்துவாங்க, வேர்த்தா அயிஞ்சிடும். நாங்க பாவாடையக் கட்டிகினே கோட்டு வரிக்கும் வந்து, ஊதினப்புறம்தான் அவுத்து டீச்சர் கையில குடுக்கணும். பதினோரு பாவாடைய அணைச்சுகினு நிப்பாங்க பாவம். இதுங்களுக்குப் பாதி ஆட்டத்துல சாத்துக்குடி உரிச்சிக் குடுக்குறாங்க. அம்மாக்காரிங்க விசில் அடிக்கிறாளுங்க சார்! அப்பல்லாம் விசில் அடிச்சா நாங்க ஓடி ஒளியணும். இப்ப விசில் அடிச்சா இதுங்க கைய ஆட்டுதுங்க."

ஏழாம் நம்பர் சாஜிதா மேல் தனி எரிச்சல். பல்லாவரத்தில் தோல் செருப்புப் பட்டறை வைத்திருக்கும் மைதீன் பிச்சையின் மகள் அவள். முதல் வருடம் அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்தவர் மைதீன் பிச்சை. பேப்பரில் மகள் பேர் வந்த அன்று பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கை குலுக்கியதில் மனிதர் கரைந்துவிட்டார். இன்று டீம் முழுவதுக்கும் பூட்ஸ் தைத்துத் தருவது அவர். கூட்டத்தில் பெரிய குரலும் அவருடையது. "அடி என் ராசாத்தி, ஷூட்டு! ஷூட்டு!" என்று அவர் வேலியைப் பிடித்துக் குதிக்கும்போது ஞானம்மாள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்கப்பனும் ஒரு நாளு கிரவுண்டுக்கு வந்தான் சார். கையில துடுப்போட."

பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கதை திரும்பி வந்த அதே வாரம் எதிர்வீட்டுக்காரர் கதை படத்தோடு அச்சாகியிருந்தது; அவருக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். ஞானம்மாள் இனிப்பு கொடுக்கிற ரகம் இல்லை.

அவர் ஆடிய கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். 1986-இல் மாவட்ட அளவில் பெண்களுக்குப் போட்டி. பள்ளி மாணவிகள் மட்டும்தான் ஆடலாம். ஞானம்மாள் ஏழாம் வகுப்போடு நின்று மீன் கூடை தூக்கியவர். ஆனால் கடற்கரை மணலில் பையன்களை ஏமாற்றிப் பந்தோடு ஓடுவதைப் பள்ளியின் விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டார். மாமன் மகள் கிளியம்மாள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே சாடை. கிளியம்மாளின் பள்ளிச் சான்றிதழில் ஞானம்மாள் ஆடினார். ஒரே பெண் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே. அதனால் ஆட்டம் நடக்கிற நாளெல்லாம் கிளியம்மாள் வலைக் கொட்டகைக்குள் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஆட்டத்தையும் அவள் பார்த்ததில்லை. பள்ளிக்குக் கோப்பை வந்தது. அடுத்த வருடமே ஞானம்மாளுக்குக் கல்யாணம். கோல்கள் கிளியம்மாள் கணக்கில் நின்றுபோயின. இந்தக் கட்டுரைக்காக இருவருக்கும் நான் வைத்திருப்பதும் கள்ளப் பெயர்தான். ஞானம்மாளுக்கு அது பழகிப்போன விஷயம்.

கிளியம்மாள் இன்று ஞானம்மாளுக்குப் பக்கத்துக் கூடையில் இறால் விற்கிறார். சாதுவான பெண்மணி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டீயைப் பாதிப் பாதி குடிப்பவர்கள்.

சித்திரை மாதம் ஒரு காலை, கால்பந்து கிளப் செயலாளர் ராஜாராமன் மீன் வரிசைக்கு வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாதவர். டிரங்குப் பெட்டியிலிருந்து 1986 போட்டியின் ஸ்கோர் புத்தகத்தைக் கண்டெடுத்து, குப்பம் வரை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இங்க கிளியம்மாள் யாரும்மா?"

கிளியம்மாள் கையைத் தூக்கினார். "நான்தான் சார். இறாலு வோணுமா?"

ராஜாராமன் கை கூப்பினார். "அம்மா, நாலு மேட்ச், ஏழு கோல்! உங்களை மாதிரி முன்னாடியே ஆடினவங்களாலதான் இன்னிக்கு இவ்ளோ கூட்டம். இந்த வருஷ டோர்னமென்ட் ஃபைனல் அன்னிக்கு நீங்க மேடைக்கு வரணும். பொன்னாடை போடறோம்." அச்சடித்த அழைப்பிதழை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

நான் அப்போது எதிரே நின்றிருந்தேன். ஞானம்மாள் என்னுடைய சங்கரா மீனை அறுத்துக்கொண்டிருந்தார். தலையோடு சேர்ந்து பாதி உடம்பும் போயிற்று.

கிளியம்மாள் எதையும் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அழைப்பிதழை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பதாகவும் தினம் எடுத்துப் பார்ப்பதாகவும் அவரே சொன்னார். "எனுக்குக் கல்யாணப் பத்திரிகையே அடிக்கல சார். என் பேர அச்சுல இப்பதான் பாக்குறேன்."

"நோவாம நுங்கு துன்றா சார் அவ," என்றார் ஞானம்மாள், கிளியம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம்.

"நான்தான் ஆடினேன் என்று ராஜாராமனிடம் சொல்லிவிடுங்களேன்," என்றேன்.

"சொன்னா? ஆள்மாறாட்டம், அந்தக் கப்பே பொய்யின்னுடுவானுங்க. நான் போட்ட கோலுங்கோ அப்பால எங்க சார் போய் நிக்கும்? இப்பவாச்சும் யார் பேர்லயோ கீது."



ஃபைனலுக்கு இருந்த மூன்று வாரமும் டீ தனித்தனியாக வந்தது. மேடையில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று கிளியம்மாளுக்குப் பயம். "பத்திரிகையில லெஃப்ட் இன்னுன்னு போட்டுக்கீது, அப்டீன்னா இன்னாடி?" என்று கேட்டார். "கோல் கம்பத்தாண்ட நின்னுகினு பந்தக் கையால புடிக்கிறது," என்றார் ஞானம்மாள், முகத்தில் சிரிப்பே காட்டாமல். கிளியம்மாள் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த ஞானம்மாளால் அதற்கு மேல் முடியவில்லை. "ஏய், கையால தொட்டா ஃபவுலுடி, கஸ்மாலம்! லெஃப்ட் இன்னுன்னா முன்னாடி எடது பக்கமா ஓடி கோல் போட்றவ!" என்று கத்திவிட்டு, நாலு இறாலை எடுத்துத் தரையில் வரிசை கட்டி, யார் யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். விளக்கும்போது குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மீன் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று கேட்டார்கள்.

ஃபைனல் அன்று கூட்டம் வேலிக்கு வெளியே சாலை வரைக்கும் நின்றது. சாஜிதாவின் டீம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு முன்னால் மரியாதை. கிளியம்மாள் அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. ஞானம்மாள் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கையில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் மேட்சு பாக்க வந்தேன்," என்று யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார். மேடைக்கு முன் போட்ட நாற்காலிகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்; நான் பின்வரிசையில் இருந்தேன்.

ராஜாராமன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே மண்ணில் என்று தொடங்கி, நாலு ஆட்டம், ஏழு கோல் என்று முழங்கி, "எஸ். கிளியம்மாள்!" என்றார்.

ஞானம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

வேண்டுமென்று செய்ததல்ல. மைதானத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போக வேண்டியது அவர்தான் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போய், உட்காரவும் தெரியாமல் நின்றார். அழைத்துப்போக ஓடிவந்த சாஜிதா, பட்டுப்புடவையையும் மீன் செதிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிளியம்மாள் அக்கா யாருக்கா?"

கிளியம்மாள் பாதி எழுந்திருந்தார். ஞானம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மடிப்புக் கலையாமல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவதான்மா. இட்டுகினு போ. போடி, கூப்புட்றாங்க இல்ல?"

ஞானம்மாள் போனார். பொன்னாடையை விரித்துப் பிடித்திருந்த ராஜாராமன் திகைத்தார். அழைப்பிதழ் கொடுத்தது வேறு ஆளுக்கு என்பது அவருக்குத் தெரியுமே. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார். முன்வரிசைகளுக்குக் கேட்கிற குரலில் ஞானம்மாள் சொன்னார்:

"உன் நோட்டுல செமி ஃபைனலுக்கு ரெண்டு கோலுன்னுதான் போட்டிருப்பான். பாரு. நான் போட்டது மூணு. ஒண்ண அந்த ரெஃப்ரி குடுக்கல. அது கோலுதான் சார். ஒரு சாண் உள்ள போச்சு. மொத்தம் ஏயு இல்ல, எட்டு!"

ராஜாராமன் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஓரத்தில் ஏதோ குறிப்பு இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதற்கு இன்றுவரை அவர் சொல்லவில்லை. பொன்னாடையை எடுத்து ஞானம்மாளின் தோளில் போட்டார். மைக்கில், "எட்டு கோல்!" என்றார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த மைதானத்தில் நான் கேட்டதில்லை. மைதீன் பிச்சை வேலிமேலேயே ஏறிவிட்டார். அம்மாக்காரிகள் விசிலடித்தார்கள். "கிளியக்கா! கிளியக்கா!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஞானம்மாள் கையை ஆட்டவில்லை. விறைப்பாக நடந்து வந்தார். இங்கே கிளியம்மாள் ஒவ்வொரு "கிளியக்கா"வுக்கும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அது ஞானம்மாளின் கண்ணிலும் பட்டுவிட்டது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், கிளியம்மாள் பொன்னாடையின் ஜரிகையைத் தொட்டுப் பார்க்க ஆசையாகக் கை நீட்டினார். ஞானம்மாள் தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.